வடதுருவ ஊர்களின் வீட்டுக் கணக்கு

கனடாவின் வடகிழக்கில், ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரையிலிருந்து வடதுருவத்தை நோக்கி விரிந்து கிடக்கும் நுனாவுட், ஏறத்தாழ 21 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புடையது. இந்தியாவின் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கை நெருங்கும் அந்த நிலத்தில், 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, வாழ்வோர் 36,858 பேர். அவர்களுள் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் இனுவிட் எனப்படும் ஆர்க்டிக் பழங்குடியினர். கனடாவின் மாகாணங்கள் அரசமைப்புச் சட்டத்திலிருந்தே தம் அதிகாரத்தைப் பெறுகின்றன. நுனாவுட்டோ நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டத்தால், 1999 ஏப்ரல் 1 அன்று, வடமேற்கு ஆட்சிப்பகுதியிலிருந்து பிரிந்து உருவான ஆட்சிப்பகுதி. அங்குள்ள 25 ஊர்களுள் எதற்கும் அடுத்த ஊருக்குச் சாலை கிடையாது. தென்கனடாவுடனும் சாலைத் தொடர்போ ரயில் தொடர்போ கிடையாது. இத்தகைய நிலத்தில் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அரசு கட்டி வாடகைக்கு விடும் பொது வீடுகளிலேயே வாழ்கின்றனர் என்பதும், அந்த வீடுகள் போதாமையால் மருத்துவம், கல்வி, முதியோர் பராமரிப்பு, பெண்கள் பாதுகாப்பு ஆகிய அனைத்துமே தடுமாறுகின்றன என்பதும் வளம் மிகுந்த ஒரு நாட்டின் பொது நிதி எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதைக் காட்டுகின்றன.

இனுவிட் மக்களின் தாயகம் நுனாவுட்டோடு முடிவதில்லை. கியூபெக்கின் வடபகுதியான நுனாவிக், லாப்ரடார் கரையிலுள்ள நுனாட்சியாவுட், மேற்கே இனுவியாலுயிட் பகுதி ஆகியவற்றையும் சேர்த்து இனுவிட் நுனாங்காட் என்று அதனை அழைக்கின்றனர். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், இந்தத் தாயகத்தில் வாழும் இனுவிட் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நெரிசலான வீடுகளில் வாழ்வதும், ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பெரும் பழுதுபார்ப்பு தேவைப்படும் வீட்டில் வாழ்வதும் பதிவாயின. நெரிசல் என்பது இங்கே வெறும் மனக்குறையைச் சுட்டும் சொல் அன்று; வீட்டில் வாழ்வோரின் எண்ணிக்கை, வயது, பாலினம், உறவு ஆகியவற்றைக் கொண்டு எத்தனை படுக்கையறைகள் வேண்டும் என்று கனடா வகுத்துள்ள அளவுகோலுக்குக் குறைவாக அறைகள் இருப்பதையே அது குறிக்கிறது. குளிர்காலத்தில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 30 பாகைக்கும் இறங்கும் ஊரில் தெருவோரத்தில் எவரும் உறங்க முடியாது என்பதால், வீடற்றோர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவர்கள் உறவினர் வீட்டுக் கூடத்திலும் நடைவழியிலும் படுக்கின்றனர். இடம் போதாத வீடுகளில் முறைவைத்து உறங்குகின்றனர். மக்களில் பாதிப்பேர் ஏறத்தாழ 26 வயதுக்கு உட்பட்டவர்களாக இருப்பதால், ஆண்டுதோறும் புதிய குடும்பங்கள் உருவாகிக்கொண்டே இருக்கின்றன. அவற்றுக்கு ஈடாக வீடுகள் பெருகவில்லை.

இந்த மக்கள் அரசு வீடுகளைச் சார்ந்திருக்க நேர்ந்த வரலாறு அறியப்படாமல் இப்போதைய நிதி விவாதம் விளங்காது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் இனுவிட் குடும்பங்கள் பருவத்துக்கேற்ப இடம்பெயர்ந்து, குளிர்காலத்தில் பனிக்கட்டி வீடுகளிலும் புல்மண் வீடுகளிலும், கோடையில் தோல் கூடாரங்களிலும் வாழ்ந்தன. வாடகை என்ற ஒன்று அவ்வாழ்வில் இல்லை. 1950களிலும் 1960களிலும் கனடா அரசு பள்ளிகள், மருத்துவ நிலையங்கள், காவல் நிலையங்கள் ஆகியவற்றைச் சில குறிப்பிட்ட இடங்களில் அமைத்து, மக்களை அவற்றைச் சுற்றிக் குடியேறச் செய்தது. பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்ப வேண்டிய கட்டாயமும், வீடு தரப்படும் என்ற வாக்குறுதியும் குடும்பங்களை ஊர்களுக்கு இழுத்தன. 1953இலும் 1955இலும் இனுக்ஜுவாக், போண்ட் இன்லெட் ஆகிய இடங்களிலிருந்து சில குடும்பங்கள் உயர் ஆர்க்டிக்கின் ரெசொலூட், கிரைஸ் ஃபியோர்ட் பகுதிகளுக்குக் கொண்டு செல்லப்பட்டபோது, விரும்பினால் இரண்டு ஆண்டுகளில் திரும்பலாம் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அந்த வாக்குறுதி காப்பாற்றப்படவில்லை. அதற்காகக் கனடா அரசு 2010இல் மன்னிப்புக் கோரியது. பாஃபின் தீவுப் பகுதியில் 1950 முதல் 1975 வரை நடந்தவற்றைக் கிகிக்தானி உண்மை ஆணையம் மக்களின் வாய்மொழிச் சான்றுகளோடு பதிவு செய்து, 2010இல் தன் அறிக்கையை வெளியிட்டது. வேட்டை வாழ்வின் அடித்தளமாக இருந்த பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்கள் கொல்லப்பட்டதும், வீடு பற்றிய வாக்குறுதிகள் பொய்த்ததும் அதில் இடம்பெற்றன.

குடியேறியவர்களுக்கு முதலில் கிடைத்தவை, தீப்பெட்டி வீடுகள் என்று பெயர்பெற்ற, குளியலறைகூட இல்லாத ஒற்றை அறைக் கூடுகள். அவற்றைக் கடனில் வாங்கச் சொன்ன திட்டம், பண வருவாய் அரிதாக இருந்த வேட்டைக் குடும்பங்களிடையே தோல்வியுற்றதால், 1965இல் வாடகை வீட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. குறைந்த வாடகைக்கு, வெப்பமூட்டலும் மின்சாரமும் சேர்த்து, வீடு தரப்படும் என்ற அன்றைய ஏற்பாடே இன்றைய பொது வீட்டுவசதியின் வேர். ஆகவே, நுனாவுட் மக்களுக்கு வீடு கட்டித் தரும் செலவைக் கருணைக்கொடை என்று தென்கனடாவில் சிலர் பேசுவது வரலாற்றுக்கு ஒவ்வாது. பெயர்ந்து வாழ்ந்த மக்களை ஓரிடத்தில் இருத்திய அரசு, அவ்வாறு இருத்தியபோதே ஏற்றுக்கொண்ட கடமை அது.

அக்கடமை தொடர்ச்சியாக நிறைவேற்றப்பட்டிருந்தால் இன்றைய பற்றாக்குறை இவ்வளவு ஆழமாகியிராது. கனடா அடமான, வீட்டுவசதிக் கழகம் என்னும் கூட்டாட்சி நிறுவனத்தின் வழியாகப் பல பத்தாண்டுகள் வந்துகொண்டிருந்த புதிய சமூக வீடுகளுக்கான நிதியை, 1993இல், பற்றாக்குறை வரவுசெலவுத் திட்டத்தைச் சீர்செய்யும் முயற்சியில், கூட்டாட்சி அரசு நிறுத்தியது. ஏற்கெனவே கட்டிய வீடுகளைப் பராமரிக்கும் மானியம் மட்டும் தொடர்ந்தது. இனுவிட் மக்களின் நில உரிமையை ஏற்று, தனி ஆட்சிப்பகுதிக்கு வழிவகுத்த நுனாவுட் ஒப்பந்தம் கையெழுத்தானதும் அதே 1993இல்தான். அரசியல் தன்னாட்சிக்கு வழி திறந்த ஆண்டிலேயே வீட்டு நிதி வற்றத் தொடங்கியதால், 1999இல் பிறந்த புதிய அரசு முதல் நாளிலிருந்தே வீட்டுப் பற்றாக்குறையைச் சுமந்து நின்றது.

இப்போதைய நிர்வாக அமைப்பு மூன்று படிகளைக் கொண்டது. கூட்டாட்சி அரசு பணம் தருகிறது. நுனாவுட்டுக்கு வரி வருவாய் மிகக் குறைவு என்பதால், அதன் வரவுசெலவில் மிகப் பெரும் பகுதி கனடாவின் தலைநகரான ஒட்டாவாவிலிருந்தே வருகிறது. 2000இல் உருவாக்கப்பட்ட நுனாவுட் வீட்டுவசதிக் கழகம் அந்தப் பணத்தைக் கொண்டு வீடுகளைக் கட்டுகிறது, அவற்றின் உடைமையாளராகவும் இருக்கிறது. ஒவ்வோர் ஊரிலும் உள்ள உள்ளூர் வீட்டுவசதி அமைப்பு, காத்திருப்போர் பட்டியலை வைத்து, நெரிசல், உடல்நலம் போன்றவற்றுக்கு மதிப்பெண் அளித்து வீடு ஒதுக்கவும், வாடகை வசூலிக்கவும், பழுது பார்க்கவும் செய்கிறது. வாடகை குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. வருமானம் மிகக் குறைந்தோர் மாதம் 60 கனடிய டாலர் செலுத்தினால் போதும். நுனாவுட்டின் தலைநகரான இக்காலுயிட்டில் தனியார் வீடொன்றின் வாடகை மாதம் 2,500 டாலருக்கு மேல் என்பதை இதனோடு ஒப்பிட்டால், இடைப்பட்ட வருமானம் உடையவர்கள் எங்கே சிக்கிக்கொள்கிறார்கள் என்பது புலப்படும். பொது வீட்டை விட்டு வெளியேற விரும்பும் குடும்பம் ஏறக்கூடிய அடுத்த படி அங்கே இல்லை; வாங்கத்தக்க விலையில் வீடும் இல்லை, பெரும்பாலான ஊர்களில் வீட்டுச் சந்தை என்ற ஒன்றே இல்லை.

கட்டுமானச் செலவு இவ்வளவு உயர்வதற்குக் காரணம் அந்த நிலத்தின் இயல்பிலேயே இருக்கிறது. ஆணி முதல் சன்னல் வரை அனைத்தும் தெற்கிலிருந்து கப்பலில் வர வேண்டும். கடல் உறைந்திருக்கும் காலம் போக, ஜூலை முதல் அக்டோபர் வரையிலான சில மாதங்களே கப்பல் ஊருக்கு வர முடியும். இக்காலுயிட்டில் 2023இல்தான் ஆழ்கடல் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. ஏனைய ஊர்களில் பெரும்பாலானவற்றில் கப்பல் கடலிலேயே நிற்க, சரக்கு தட்டைப் படகுகளில் ஏற்றப்பட்டு, நீர்மட்டம் உயரும் வேளை பார்த்துக் கரையில் இறக்கப்படுகிறது. ஒட்டாவாவில் ஒரு நிதி ஒப்புதல் சில வாரங்கள் தாமதமானால், கொள்முதல் அந்த ஆண்டுக் கப்பலைத் தவறவிடுகிறது. கப்பலைத் தவறவிட்ட பொருள் அடுத்த கோடையில்தான் வரும். தென்பகுதியில் ஒரு மாதத் தாமதமாக முடிவது வடக்கில் ஓராண்டுத் தாமதமாகிறது. ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் மண்ணின் மீது வீட்டை நேரடியாக அமர்த்தினால், வீட்டின் வெப்பம் மண்ணை இளக்கி அடித்தளத்தைச் சரியச் செய்யும். எனவே எஃகுத் தூண்களின் மீதோ, உயரத்தைச் சரிசெய்யத்தக்க தாங்கிகளின் மீதோ தரையிலிருந்து உயர்த்தி வீடு கட்டுகிறார்கள். பருவநிலை மாற்றத்தால் அந்த மண்ணும் இளகத் தொடங்கியிருப்பது புதிய கவலை. கைதேர்ந்த தச்சரும் மின்பணியாளரும் உள்ளூரில் போதாமையால் தெற்கிலிருந்து விமானத்தில் வருகின்றனர். அவர்கள் தங்குவதற்கும் வீடு வேண்டும். இவை அனைத்தும் சேர்ந்து, அண்மை ஆண்டுகளில் ஒரு வீட்டின் கட்டுமானச் செலவை 10 லட்சம் டாலரை நெருங்கச் செய்துள்ளன.

கட்டும் செலவு பற்றியே பேச்சு மிகுதியாக இருந்தாலும், வீட்டை நடத்தும் செலவே நுனாவுட் அரசை நீண்ட காலமாக அழுத்துவது. 25 ஊர்களுக்கும் தனித்தனி டீசல் மின்நிலையங்கள் உள்ளன. ஓர் ஊரின் மின்சாரத்தை மற்றோர் ஊருக்குக் கொண்டு செல்லும் கம்பித் தொடர் இல்லை. ஓர் ஆண்டுக்கான எரிபொருள் கோடைக்காலத்தில் கப்பலில் வந்து தொட்டிகளில் சேமிக்கப்படுகிறது. குடிநீர் பெரும்பாலான ஊர்களில் லாரியில் வந்து வீட்டுத் தொட்டியை நிரப்புகிறது. கழிவுநீரை வேறொரு லாரி உறிஞ்சிச் செல்கிறது. வெப்பமூட்டல், மின்சாரம், நீர், கழிவகற்றல், பழுதுபார்ப்பு எல்லாம் சேர்ந்து ஒரு பொது வீட்டுக்கு ஆண்டுக்கு 20,000 டாலருக்கு மேல் செலவாகிறது. வாடகையாக வருவது அதில் சிறு பங்கே. ஆகவே ஒட்டாவா புதிதாக நூறு வீடுகளுக்குப் பணம் அளிக்கும்போது, அந்த நூறு வீடுகளையும் அரை நூற்றாண்டுக்கு நடத்தும் பொறுப்பையும் சேர்த்தே நுனாவுட் ஏற்றுக்கொள்கிறது. அப்பொறுப்புக்கான பணம் பெரும்பாலும் அறிவிப்பில் இடம்பெறுவதில்லை.

பணம் வரும் முறையும் கேடு செய்கிறது. 2006இல் கூட்டாட்சி அரசு நுனாவுட் வீட்டு அறக்கட்டளை நிதியாக 20 கோடி டாலர் அளித்தது. ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கான வீடுகளைக் கட்டும் அளவுக்கு அனுபவமும் ஆட்பலமும் அப்போது நுனாவுட் வீட்டுவசதிக் கழகத்திடம் இல்லை. 2010இல் செலவு 11 கோடி டாலர் அளவுக்கு மிஞ்சிப்போனது வெளிப்பட, அந்தச் சுமை ஆட்சிப்பகுதி அரசின் தலையில் விழுந்தது. கழகத்தின் மேலாண்மைக் குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பல ஆண்டுகள் வறட்சி, பின்னர் திடீரென ஒரு வெள்ளம், மீண்டும் வறட்சி என்று நிதி வரும்போது, எந்த நிறுவனமும் நிலையான பணியாளர்களையோ, ஆண்டுதோறும் தொழில் பழகும் இளைஞர்களையோ வைத்திருக்க முடியாது. நிதி நின்றதும் பயிற்சி பெற்றவர்கள் கலைந்து போகிறார்கள். அடுத்த அறிவிப்பின்போது மீண்டும் தெற்கிலிருந்தே ஆள் வருகிறது.

வீடு இல்லாமையின் விலையை முதலில் செலுத்துவது மக்களின் நுரையீரல். காசநோய் காற்றின் வழியே பரவுவது. நெரிசலும் காற்றோட்டமின்மையும் அதற்குத் துணை. 2016ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, இனுவிட் நுனாங்காட்டில் இனுவிட் மக்களிடையே காசநோய் விகிதம், கனடாவில் பிறந்த பழங்குடியரல்லாதோரின் விகிதத்தைப் போல் ஏறத்தாழ 300 மடங்கு. இந்நோயை 2030க்குள் ஒழிப்பதாகக் கூட்டாட்சி அரசும் இனுவிட் தலைமை அமைப்பும் 2018இல் உறுதி பூண்டன. ஆயினும் 2021 நவம்பரில் பாங்னிர்டுங் என்னும் ஊரில் காசநோய்ப் பரவல் அறிவிக்கப்பட்டது. மாத்திரையும் மருத்துவரும் போய்ச் சேர்ந்தாலும், நோயாளி திரும்பிச் செல்வது பலர் உறங்கும் அதே அறைக்குத்தான் எனில், மருத்துவத்துக்குச் செலவிட்ட பணம் பாதி வீண். குளிருக்காக இறுக மூடிய வீட்டில் பலர் மூச்சுவிட்டு, சமைத்து, துணி உலர்த்தும்போது ஈரப்பதம் சுவரில் படிந்து பூஞ்சையாகிறது. பாஃபின் பகுதிக் கைக்குழந்தைகளிடம் நுரையீரல் தொற்று மிகுந்திருப்பது மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்த செய்தி. வெளியேறும் காற்றின் வெப்பத்தைக் கொண்டே உள்ளே வரும் காற்றைச் சூடாக்கும் காற்றோட்டக் கருவிகளை நுனாவுட் வீடுகளில் பொருத்தி ஆராய்ந்தபோது, குழந்தைகளின் மூச்சிரைப்பு குறைந்தது. பழுதுபார்ப்பு நிதி என்பது இங்கே மருந்துச் செலவுக்கு ஒப்பானது என்று துணிந்து கூறலாம்.

சமூகச் சேவைகள் வீட்டைச் சார்ந்திருப்பது மற்றொரு வகையிலும் வெளிப்படுகிறது. ஆசிரியர், செவிலியர், சமூகப் பணியாளர் ஆகியோரைத் தெற்கிலிருந்து வரவழைக்க அரசு மானிய வாடகையில் பணியாளர் குடியிருப்பு தருகிறது. குடியிருப்பு இல்லையெனில் பணியிடம் காலியாகவே கிடக்கிறது. உள்ளூரில் பிறந்து வளர்ந்து, நெரிசலான பொது வீட்டில் பெற்றோருடன் வாழும் இனுவிட் இளைஞர் அரசுப் பணியில் சேரும்போது அத்தகைய வீடு எளிதில் கிட்டுவதில்லை. மக்கள்தொகைக்கு ஈடான அளவில் இனுவிட் மக்கள் அரசுப் பணிகளில் இடம்பெற வேண்டும் என்று நுனாவுட் ஒப்பந்தத்தின் 23ஆம் பிரிவு கூறுகிறது. நடைமுறையில் அவர்களது பங்கு ஏறத்தாழ பாதி அளவிலேயே நிற்கிறது. பள்ளிப் பாடத்தைப் படிக்க ஒரு மூலைகூட இல்லாத வீடுகளுக்கும் இந்த விகிதத்துக்கும் தொடர்பு இல்லை என்று எவரும் வாதிட முடியாது.

முழு மருத்துவமனை என்று சொல்லத்தக்கது இக்காலுயிட்டில் மட்டுமே உள்ளது. ஏனைய ஊர்களில் செவிலியர்கள் நடத்தும் நலவாழ்வு நிலையங்களே. தீவிர நோயாளிகள் ஒட்டாவா, வின்னிபெக், யெல்லோநைஃப் ஆகிய நகரங்களுக்கு விமானத்தில் அனுப்பப்படுகின்றனர். சிற்றூர்க் கர்ப்பிணிகள் பேறுகாலத்துக்குப் பல வாரங்கள் முன்பே குடும்பத்தைப் பிரிந்து வெளியூர் செல்கின்றனர். மறதிநோய் கண்ட முதியோர் பலர் ஒட்டாவாவிலுள்ள பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பப்பட்டு, தம் மொழி பேசுவோர் அரிதான, தம் உணவு கிடைக்காத இடத்தில் இறுதிக் காலத்தைக் கழித்துள்ளனர். 1950களில் காசநோயாளிகளைக் கப்பலில் ஏற்றித் தெற்கே கொண்டு சென்ற முறைக்காகப் அன்றைய பிரதமர் 2019இல் இக்காலுயிட்டுக்கு வந்து மன்னிப்புக் கோரினார் என்பதை நினைக்கும்போது, முதியோரின் இந்தப் பயணம் நெஞ்சை உறுத்துகிறது. வன்முறைக்கு உள்ளாகும் பெண்களின் நிலை இன்னும் கொடியது. இனுவிட் தாயகத்தின் 51 ஊர்களில் 70 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றில் பாதுகாப்பு இல்லமே இல்லை என்று இனுவிட் பெண்கள் அமைப்பான பௌக்துடிட் பல ஆண்டுகளாக எடுத்துரைத்து வருகிறது. சாலையற்ற ஊரில், மாற்று வீடும் இல்லாத நிலையில், அடிக்கும் கணவனைவிட்டு ஒரு பெண் தப்பிச் செல்ல வேண்டுமெனில் விமானச் சீட்டு வேண்டும்.

புதிய வீட்டுக்கு மனை, நீர், மின்சாரம் ஆகியவையும் தேவை என்பது அறிவிப்புகளில் மறக்கப்படும் மற்றொரு செய்தி. ஊர் எல்லைக்குள் நிலம் விற்கப்படுவதில்லை, குத்தகைக்கே விடப்படுகிறது. 2016இல் நடந்த வாக்கெடுப்பில் நில விற்பனையை மக்கள் மறுத்தனர், நிலம் வெளியார் கைக்குப் போய்விடும் என்ற அச்சம் அதில் பெரும் பங்கு வகித்தது. அந்த மனைகளைச் சரளையிட்டு மேடாக்கி, லாரி வருவதற்குப் பாதை அமைத்த பிறகே கட்டுமானம் தொடங்க முடியும். தலைநகரிலேயே நீர்க் கட்டமைப்பு எவ்வளவு நொய்ந்தது என்பதை, 2021 அக்டோபரில் குழாய்நீரில் எரிபொருள் கலந்திருப்பது தெரியவந்து, ஏறத்தாழ இரண்டு மாதங்கள் அதைக் குடிக்கவோ சமையலுக்குப் பயன்படுத்தவோ கூடாதென அறிவிக்கப்பட்ட நிகழ்வு காட்டியது.

அண்மைய முயற்சிகளைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. வீடு மனித உரிமை என்று 2019ஆம் ஆண்டுத் தேசிய வீட்டுவசதி உத்திச் சட்டம் ஏற்றுக்கொண்டது. 2022ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் இனுவிட் ஊர்களின் வீட்டுவசதிக்காக ஏழு ஆண்டுகளுக்கு 84.5 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் நுனாவுட் அரசு, 2030க்குள் 3,000 வீடுகள் கட்டும் திட்டத்தை அறிவித்தது. இனுவிட் உடைமையிலுள்ள கட்டுமான நிறுவனம் ஒன்றோடு கூட்டுச் சேர்ந்து, பொது வீடுகளோடு இடைக்காலத் தங்குமிடங்கள், இடைநிலை வருமானத்தோருக்கான வீடுகள், சந்தை விலை வீடுகள் ஆகியவற்றையும் கட்டுவது அதன் நோக்கம். முன்பு சொல்லப்பட்ட, ஏற முடியாத அந்த அடுத்த படியை உண்டாக்கும் முயற்சி என்ற வகையில் இது வரவேற்கத்தக்கது. கூட்டாட்சி நிதியின் ஒரு பகுதி இப்போது இனுவிட் அமைப்புகளின் கைக்கே நேரடியாகச் செல்வதும் சரியான மாற்றம். எந்த ஊரில் எத்தகைய வீடு வேண்டும், வேட்டையாடிய கடல்நாயையும் காரிபு மானையும் கூறுபோட இடம் எங்கே வேண்டும் என்பதை அங்கே வாழ்வோரைவிட நன்கறிந்தவர் இல்லை. ஆயினும், 2022இல் நுனாவுட்டுக்கும் நுனாட்சியாவுட்டுக்கும் நேரில் சென்ற கூட்டாட்சி வீட்டுவசதி வழக்குரைப்பாளர் மரி ஜோசே ஊல், அங்குள்ள வீட்டு நிலைமை மனித உரிமை மீறல் என்று 2023இல் அறிக்கையளித்தார்.

அரசுகள் அறிவிக்கும் புதிய வீடுகளின் எண்ணிக்கையைவிட உற்றுநோக்க வேண்டிய ஆண்டு ஒன்று உண்டு. 1993க்கு முன் கட்டிய வீடுகளின் பராமரிப்புக்காகக் கூட்டாட்சி அரசு தந்துவரும் மானியம், பழைய ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றாக முடிவுறுவதால் ஆண்டுதோறும் தேய்ந்து, 2037-38 வாக்கில் முற்றாக நின்றுபோகும். வீடுகளோ தொடர்ந்து நிற்கும். அவற்றில் மக்கள் வாழ்வார்கள், எண்ணெய் எரியும், நீர் லாரி வரும். அந்தச் செலவை முழுமையாகத் தாங்க நுனாவுட்டின் வரி வருவாயால் இயலாது. ஆகவே, கட்டுமானத்துக்கும் பராமரிப்புக்கும் சேர்த்து, தேர்தலுக்குத் தேர்தல் மாறாத, கப்பல் பருவத்துக்கு முன்பே ஆண்டுதோறும் கைக்கு வந்துசேரும் நிலையான நிதியைக் கூட்டாட்சி அரசு சட்டத்தின் வழி உறுதிசெய்ய வேண்டும்; மக்களை அந்த ஊர்களில் குடியமர்த்திய அரசு அதைவிடக் குறைவாக எதையும் செய்து தன் கடமை முடிந்தது என்று கூறுவதற்கில்லை.